பழைய ஸ்லாட் கார் ரேஸ் மெஷின்: வாங்குவது முதல் ஓட வைப்பது வரை

காசு போட்டால் நான்கு பேர் அருகருகே நின்று கார் ஓட்டும் பழைய ஸ்லாட் கார் மேசைகள் பிரிட்டனில் இன்னும் விலைக்கு வருகின்றன. கண்ணாடிக்கு அடியில் ட்ராக், ட்ராக்கில் ஆளுக்கொரு பள்ளம், அதைப் பிடித்துக்கொண்டு ஓடும் குட்டி மோட்டார் கார், வெளியே காரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஆளுக்கொரு கைப்பிடி. திரையும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் கார் நிஜமாகவே தடுமாறும். பேரனும் தாத்தாவும் சமமாக நின்று போட்டி போட இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

அப்படி ஒன்றை வாங்கி, வீட்டுக்குள் நுழைத்து, எல்லாத் தடத்திலும் கார் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவதற்குள் நான் நிறையவே அலைந்துவிட்டேன். விற்றவர் சொல்லாமல் விட்டது, வண்டிக்காரர் செய்ய மறுத்தது, கிடைக்காத பாகம் என்று ஒவ்வொன்றும் பணத்தையும் நேரத்தையும் தின்றது. பிரிட்டனில் இருந்துகொண்டு முதல்முறை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பளபளப்பான மெஷினைத் தேடாதீர்கள், முழுசான மெஷினைத் தேடுங்கள். அழுக்கை ஒரு நாளில் துடைத்துவிடலாம். தொலைந்துபோன ஒரு கைப்பிடிக்கு ஜோடி தேட மாதக்கணக்கில் ஆகும்.

1. எந்த வகை என்று உறுதிசெய்யுங்கள்

"பழைய கார் ரேஸ் மெஷின்" என்று தேடினால் மூன்று வேறு சாதனங்கள் கலந்து வரும். 1969ல் சிகாகோ காயின் நிறுவனம் கொண்டுவந்த ஸ்பீட்வே போன்றவை விளக்கொளியால் திரையில் பிம்பம் காட்டுபவை, ஒருவர் மட்டும் ஆடுவது. 1975ல் வந்த இண்டி 800ல் எட்டு ஸ்டியரிங் இருக்கும், எட்டுப் பேர் சேர்ந்து ஆடலாம், ஆனால் அது வீடியோ கேம். நமக்கு வேண்டியது மூன்றாவது: உண்மையான கார், உண்மையான ட்ராக். விளம்பரத்தில் இருக்கும் வர்ணனையை நம்பாமல், ட்ராக்கை மேலிருந்து எடுத்த படம் ஒன்றும் பின்கதவைத் திறந்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். பின்கதவுப் படத்தை அனுப்பத் தயங்குகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஸ்லாட் கார் மேசைகளிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, ஸ்கேலெக்ஸ்ட்ரிக் போன்ற வீட்டு விளையாட்டுச் செட்டின் ட்ராக் துண்டுகளையும் கார்களையும் ஒரு பெட்டிக்குள் பொருத்தியது. மற்றது, மரப்பலகையில் பள்ளம் வெட்டி, அதற்கென்றே செய்த கார்களை விட்டது. புதிதாக வருபவர்களுக்கு முதல் விதத்தையே சொல்வேன். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் 1957 முதல் இருக்கிறது, பழைய பாகங்கள் இன்றும் கைமாறுகின்றன, சேகரிப்பாளர்களுக்குச் சங்கமே உண்டு. ஆனால் அதன் ட்ராக்கிலும் தலைமுறைகள் இருக்கின்றன. ஆரம்பகால ரப்பர் ட்ராக், பிறகு வந்த பிளாஸ்டிக் கிளாசிக் ட்ராக், 2000களில் வந்த ஸ்போர்ட் ட்ராக் எல்லாம் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தாது. கிளாசிக்கையும் ஸ்போர்ட்டையும் இணைக்க மாற்றுத் துண்டு கிடைக்கிறது. எந்தத் தலைமுறை என்று தெரியாமல் உதிரித் துண்டு வாங்க வேண்டாம்.

2. போவதற்கு முன் வீட்டை அளந்துவிடுங்கள்

இங்குள்ள வீடுகளில் உள்கதவு பெரும்பாலும் 762 மில்லிமீட்டர் அகலம். சட்டத்தின் உள்பக்க இடைவெளி அதைவிடக் கொஞ்சம் கூடும், ஆனால் திறந்த கதவின் தடிமன் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கதவைக் கீலோடு கழற்றினால் சில சென்டிமீட்டர் கிடைக்கும். வாசல், நடைபாதை, திருப்பம், வைக்கப்போகும் அறை எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, விற்பவரிடம் மூன்று அளவு கேளுங்கள்: கால்களைக் கழற்றிய பின் உயரம், கண்ணாடியைக் கழற்றிய பின் அகலம், பிரிக்கவே முடியாத பெரிய பகுதியின் அளவு. மூன்றாவதுதான் முக்கியம்.

மாடிக்கு ஏற்ற நினைக்காதீர்கள், தரைத்தளம்தான் சரி. ஈரமான கராஜில் வைத்தால், பள்ளத்தின் இரு பக்கமும் காருக்கு மின்சாரம் தரும் இரும்புப் பட்டைகள் ஒரே குளிர்காலத்தில் துருப்பிடிக்கும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

3. நேரில் பார்க்கும்போது

டார்ச், மல்டிமீட்டர், ஒரு சின்ன ஸ்பிரிட் லெவல், நோட்டு. இவை போதும். விற்பவர் "சுவிட்ச் போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டால், பின்கதவைத் திறந்து பார்க்கும் வரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல வருடம் சும்மா கிடந்த மெஷினில் திடீரென்று மின்சாரம் பாய்ச்சினால், பழைய ரெக்டிஃபையரோ (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் பாகம்) கம்பியின் உறையோ அங்கேயே தீய்ந்துவிடலாம். பிறகு அதைச் சரிசெய்யும் செலவு உங்களுடையது.

உள்ளே பார்க்க வேண்டியவை: பின்கதவின் உட்புறத்தில் மின்சுற்று வரைபடம் ஒட்டியிருக்கிறதா, எல்லாக் கார்களும் இருக்கின்றனவா, ஒவ்வொரு கைப்பிடியும் முழுதாக இருக்கிறதா, காசுப் பெட்டிக்குச் சாவி உண்டா. வரைபடம் இருந்தால் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது இருக்கும் மெஷினுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், அவ்வளவு வேலை மிச்சம்.

பிறகு ட்ராக். பிளக் கழற்றியிருப்பதை உறுதிசெய்துகொண்டு மல்டிமீட்டரை ஓம் (மின்தடை) அளவில் வையுங்கள். ஒரு முனையை ஒரு பட்டையில் வைத்து, மறுமுனையை அதே பட்டையில் தூரத்தில் வைத்தால் ஓமே இல்லை என்ற அளவுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். எங்கே எண் எகிறுகிறதோ அங்கே இணைப்பு போயிருக்கிறது. பள்ளத்தின் இரு பக்கப் பட்டைகளுக்கு நடுவே அளந்தால், தடத்தில் கார் இல்லாதபோது இணைப்பு காட்டக்கூடாது. காட்டினால் எங்கோ ஷார்ட், அல்லது கைப்பிடிச் சுற்று வழியாக ஒரு பாதை. எதுவானாலும் தடத்தின் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். விலை பேச இந்தக் குறிப்பு உதவும்.

பலகை வளைந்திருக்கிறதா என்று லெவல் வைத்துப் பாருங்கள். வளைந்த பலகையை நிமிர்த்துவது சாமானியர் வேலை அல்ல. மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் நான் அதை விட்டுவிடச் சொல்வேன்.

4. விலை, ரசீது, ஏலக் கணக்கு

தனிநபரிடம் வாங்கினால் "இருக்கிற நிலையில் விற்பனை" என்பதுதான் நிலை. கடையில் வாங்குகிறவருக்கு 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் தரும் பாதுகாப்பு இங்கே கிடையாது. ஆனாலும் விற்பவர் பொய் சொல்லக்கூடாது. ஆகவே "நான்கு தடமும் ஓடுகிறது" என்றால் அதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ரசீதில் விற்பவரின் பெயரும் முகவரியும், தேதி, தொகை, மெஷினின் வரிசை எண், உடன் வரும் கார்கள், கைப்பிடிகள், சாவிகளின் எண்ணிக்கை இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், அதுவும் ஒரு ஆவணம்.

ஏலத்தில் வாங்குபவர்களைக் கவிழ்ப்பது கமிஷன். சுத்தியல் விழும் விலைக்கு மேல் 20 முதல் 25 சதவீதம் வாங்குபவர் கமிஷன் என்பது சாதாரணம், அந்தக் கமிஷன் மீது 20 சதவீதம் வாட் வரி. 1,000 பவுண்டுக்கு முடிந்தது என்று மகிழ்ந்தால், 25 சதவீதக் கணக்கில் 250 பவுண்டும் அதற்கு வரி 50 பவுண்டும் சேர்ந்து 1,300 ஆகிவிடும். எடுத்துச் செல்லக் கொடுக்கும் கெடு தாண்டினால் பல இடங்களில் நாள் வாடகையும் போடுவார்கள். வண்டிக்கு ஏற்பாடு செய்யாமல் ஏலம் கேட்காதீர்கள். இணையத்தில் வாங்கியதைத் திருப்பி அனுப்பும் 14 நாள் உரிமை, நேரில் கலந்துகொள்ள வாய்ப்புள்ள பொது ஏலத்துக்குப் பொருந்தாது.

எப்போது தேடுவது? கிரேட் யார்மத் போன்ற கடற்கரை ஊர்களில் அக்டோபர் விடுமுறையோடு சீசன் அடங்கிவிடும். நவம்பர் முதல் ஈஸ்டர் வரை கண் வைத்திருங்கள். கோடையில் ஆசைப்பட்டு வாங்குபவர்கள் அதிகம், பேரம் படியாது.

5. அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதானால்

முதல் மெஷினுக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. பிடிவாதமாக இருந்தால் நான்கு விஷயம். பொருளின் விலையோடு கப்பல் கூலியையும் சேர்த்து அதன்மேல் 20 சதவீத வாட் வரும். துறைமுகத்தில் இறக்கும் கட்டணம், முகவர் கட்டணம் தனி. கூலி பேசும்போதே அவற்றையும் எழுத்தில் கேளுங்கள். மரப்பெட்டியில் வந்தால் அந்த மரத்துக்குப் பூச்சி நீக்கச் சிகிச்சை செய்த ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

நான்காவதுதான் பலரும் கவனிக்காதது. அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (மின்சாரம் வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற அளவு). இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. ஆட்ட நேரத்தை அளக்கும் டைமர் மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்து ஓடும் வகையாக இருந்தால், 60 வினாடி ஆட்டம் இங்கே 72 வினாடி ஓடும். விளையாடுபவருக்கு அது சந்தோஷம்தான். ஆனால் உள்ளிருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், அதைத் தொட்டுப் பார்த்துக் கண்காணிக்க வேண்டும்.

6. வீட்டுக்குக் கொண்டுவருவது

டெயில் லிஃப்ட் (பின்னால் சுமையை ஏற்றி இறக்கும் தட்டு) உள்ள வேன் வாடகைக்கு எடுங்கள். 1997 ஜனவரி 1க்குப் பிறகு கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள் அந்த லைசென்சில் பொதுவாக 3.5 டன் வரையிலான வண்டிதான் ஓட்டலாம், அதற்குள் வேன் கிடைக்கும். ஆள் வைத்து அனுப்பினால் "கெர்ப்சைடு டெலிவரி" என்ற சொல்லைக் கவனியுங்கள். நடைபாதை ஓரம் வரை இறக்கிவைப்பார்கள், வாசற்படி ஏற்ற மாட்டார்கள். என் மெஷின் மழைத் தூறலில் தெருவில் நின்றது அப்படித்தான். வீட்டுக்குள் அறை வரை, இரண்டு ஆள் என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

கார்களைக் கழற்றித் தனியே சுற்றிவையுங்கள். கண்ணாடியைக் கழற்றிப் போர்வைக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். பழைய கண்ணாடி பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடி, உடைந்தால் கத்தி மாதிரித் துண்டாகும். மாற்றும்போது டஃபன்டு (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடி போடுங்கள். அதைச் செய்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, ஆகவே அளவை இரண்டு முறை சரிபார்த்தே ஆர்டர் கொடுங்கள்.

வந்ததும் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். பொதுவான பாலிசிகளில் ஒற்றைப் பொருளுக்கு ஒரு வரம்பு இருக்கும், அதைத் தாண்டினால் தனியாகக் குறிப்பிட வேண்டும். ரசீதும் படங்களும் இங்கேதான் உதவும்.

7. மின்சாரம்: அவசரமே கூடாது

உலர்ந்த, கொஞ்சம் சூடான அறையில் ஓரிரு வாரம் சும்மா இருக்கட்டும். உள்ளே தங்கிய ஈரம் போக வேண்டும். அதற்குள் சாவி கொண்டு திறந்து தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். எதிர்ப்புச் சுருளுக்கு (மின்சாரத்தைக் குறைக்கும் கம்பிச் சுருள்) அடியிலோ விளக்குக்குப் பின்னாலோ சாம்பல் நிறப் பலகைத் துண்டு தென்பட்டால் கை வைக்காதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பிரிட்டனில் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999ல்தான். சுரண்டாமல், துளைக்காமல், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

230 வோல்ட் பக்க வேலையை, அதாவது பிளக்கிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை, தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் நீங்கள் தெரிந்து வைத்திருங்கள். பழைய பிரிட்டிஷ் ஒயரில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இன்றைய ஒயரில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். ஒரே பெட்டிக்குள் இரண்டும் கலந்திருப்பது சாதாரணம். ரப்பர் உறை போட்ட ஒயர் தொட்டாலே உதிரும், அதை முழுசாக மாற்றச் சொல்லுங்கள். காசு வாயில், கைப்பிடித் தகடு, கண்ணாடிச் சட்டம் என்று கை படும் உலோகம் எல்லாம் எர்த்தோடு சேர வேண்டும். பிளக்கில் 13 ஆம்பியர் பியூஸ் இருந்தால் 3 ஆம்பியருக்கு மாற்றச் சொல்லுங்கள், 690 வாட் வரை அது தாங்கும், நான்கு தட மேசைக்குப் பொதுவாக அவ்வளவு தேவைப்படாது.

அப்புறம் ரெக்டிஃபையர். 1960களின் மெஷின்களில் அடுக்கடுக்காகச் சதுரத் தகடுகள் கோத்த ஒரு பாகம் இருக்கும். அது செலினியம் ரெக்டிஃபையர். தீய்ந்தால் அழுகிய பூண்டு நெடியோடு நச்சுப் புகை வரும். இன்னும் வேலை செய்தாலும் மாற்றிவிடுங்கள். 25 அல்லது 35 ஆம்பியர் சிலிக்கான் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் சில பவுண்டுதான், உலோகத் தகட்டில் இறுக்கிப் பொருத்த வேண்டும். பழையதைவிட இதில் வோல்டேஜ் இழப்பு குறைவு, அதனால் ட்ராக்குக்கு ஒன்றிரண்டு வோல்ட் கூடுதலாகப் போகலாம். 12 வோல்ட் கார் 14ல் ஓடினால் வளைவில் நிற்காது, மோட்டாரும் சீக்கிரம் போகும். மாற்றிய உடனே அளந்து பாருங்கள். பழைய பாகத்தைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மாநகராட்சிக் கழிவு மையத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

8. ட்ராக்கைச் சுத்தம் செய்வது

ஸ்டீல் வூல் வேண்டவே வேண்டாம். அதன் பொடி இழைகளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், ஷார்ட் ஆகும், மோட்டார் போகும். முரட்டு உப்புத்தாளும் வேண்டாம், பட்டையின் மேற்பூச்சு போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் முதலில் துடைத்து, துரு உள்ள இடத்தில் மட்டும் மாடல் ரயில்காரர்கள் பயன்படுத்தும் ட்ராக் ரப்பரால் தேயுங்கள். பிறகு மறுபடி துணி.

சுத்தம் செய்த பிறகும் தூரத்து வளைவில் கார் தளர்ந்தால் வோல்டேஜ் அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், சும்மா இருக்கும்போது எல்லா இடத்திலும் 12 வோல்ட் காட்டும். ஆரம்பத்தில் 12, தூரத்தில் 10 என்றால், மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து தூரத்துப் பட்டைக்கு அடிவழியாகத் தடித்த ஒயர் ஒரு ஜோடி இழுத்து சால்டர் செய்யுங்கள். இடதும் வலதும் மாறக்கூடாது. பார்வைக்குத் தெரியாத மாற்றம் இது, மெஷினின் பழமை கெடாது.

9. கார்கள்

காரைத் தனியே எடுத்து, 3 வோல்ட்டில் தொடங்கி மெல்ல ஏற்றிச் சோதியுங்கள். அடியில் பட்டையைத் தொடும் செம்புப் பின்னல் தேய்ந்திருக்கும், மலிவான பாகம், எல்லாக் கார்களுக்கும் மாற்றிவிடலாம். ரப்பர் டயர் கல்லாக இறுகியிருக்கும், அளவு பார்த்துப் புதிது போடுங்கள். அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். மோட்டாருக்குள் சுழலும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் மேல் எண்ணெயோ ஸ்பிரேயோ படக்கூடாது. சில மேசைகளில், பள்ளத்துக்குள் இறங்கும் காரின் முள் பள்ளத்துக்கு அடியில் பூட்டப்பட்டிருக்கும். இழுத்துப் பிடுங்காமல் கீழிருந்து திருகைத் தேடுங்கள்.

10. எல்லோரும் சேர்ந்து ஓட்டும் சோதனை

விற்பவர்கள் ஒரு காரை ஓட்டிக் காட்டிவிட்டு "எல்லாம் சரி" என்பார்கள். பலர் ஆடும் மெஷினுக்கு அது சோதனையே அல்ல. முதலில் ஒவ்வொரு தடத்திலும் ஒரே காரை விட்டு, பத்துச் சுற்றுக்கு எத்தனை வினாடி என்று எழுதுங்கள். உள்தடம் குட்டையாக இருப்பதால் வித்தியாசம் வரும். '8' என்ற எண் வடிவ ட்ராக்கில் உள்தடம் அடுத்த பாதியில் வெளித்தடமாவதால் நீளம் சமமாகிவிடும், அங்கே வித்தியாசம் வந்தால் அது பட்டை அல்லது கைப்பிடிக் கோளாறு.

பிறகு எல்லாக் கார்களையும் ஒன்றாக ஓட்டுங்கள். ஒருவர் பிரேக் போட்டதும் மற்றவர் கார் பாய்ந்தால், எல்லாத் தடத்துக்கும் ஒரே மெல்லிய ஒயர் வழியாக மின்சாரம் பிரிகிறது, அல்லது டிரான்ஸ்ஃபார்மருக்குப் போதிய சக்தி இல்லை. பொது ஒயரைத் தடிமனாக்குங்கள், தடத்துக்கு ஒரு பியூஸ் தனியாகப் போடுங்கள். ஒரு கார் ஷார்ட் ஆனால் மற்ற மூவரின் ஆட்டம் நிற்காது. அதற்கும் சரியாகாவிட்டால் தடத்துக்கொரு மின்வழங்கி என்று போகலாம். நான் என் பணத்தில் தாராளமாகச் செலவழித்த இடம் இதுதான், அதற்காக வருத்தமே இல்லை.

கைப்பிடியை மெல்ல அழுத்தும்போது கார் ஒன்றுமே செய்யாமல் இருந்து திடீரென்று பறந்தால், உள்ளே சுருளின் மேல் உரசும் தொடுமுனை தேய்ந்திருக்கிறது. மாற்றும் கைப்பிடியின் ஓம் அளவு பழையதோடு ஒத்துப்போக வேண்டும். எல்லாத் தடத்துக்கும் ஒரே அளவு இருந்தால்தான் போட்டி நியாயமாக இருக்கும்.

11. காசு

மெஷின் எந்தக் காசை எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது 1971 பிப்ரவரி 15. அதற்கு முந்தையவை ஆறு பென்ஸ் போன்ற காசுகளைக் கேட்கும். பின்னால் வந்தவையும் இன்றைய காசை ஏற்காமல் போகலாம், ஏனென்றால் 5 பென்ஸ் 1990லும் 10 பென்ஸ் 1992லும் சிறிதாக்கப்பட்டன. காசு வாயிலை அறுத்து மாற்றாதீர்கள். பழைய காசு ஒரு பை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். ஆறு பென்ஸ் வாங்கும்போது 1947 முதல் வந்தவற்றைக் கேளுங்கள், அவற்றில் வெள்ளி இல்லை, அதனால் மலிவு.

12. சங்கத்திலோ கடையிலோ வைப்பதானால்

பொது இடத்தில் வைத்தால் மின்சாதனப் பரிசோதனைச் சான்று, பொதுப் பொறுப்புக் காப்பீடு இரண்டையும் முதலில் வாங்குங்கள். இடத்தின் உரிமையாளர் கேட்பார். ஜெயித்தவருக்கு ரொக்கப் பரிசு வைக்காதீர்கள். ஆடப் போடும் காசைவிடப் பெரிய ரொக்கப் பரிசு தரும் மெஷின்களுக்கு மெஷின் கேம்ஸ் டியூட்டி என்ற வரி உண்டு, பதிவும் கணக்கும் வேறு. வெறும் பொழுதுபோக்காக வைத்தால் அந்த வரி வராது. ரசீது, எலக்ட்ரீஷியன் தந்த சான்று, வரைபடத்தின் நகல், மாற்றிய பாகங்களின் பட்டியல் நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பின்கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் வேறு யாராவது இருக்கலாம்.